ஒரு நூல் இடைவெளி

ஷெட்டுக்குள் நிற்கும்வரை அந்தக் காரின் கிளட்ச் வழுக்க மறுத்தது.

அப்பா டிரைவர் சீட்டில் இருந்தார். கைபிரேக்கை முழுக்க இழுத்தார். மூன்றாவது கியரில் போட்டு, லேசாக ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தபடி கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தார். வண்டி மூக்கைத் தாழ்த்தி ஒரு குலுக்குக் குலுக்கியது. என்ஜின் அணைந்துவிட்டது.

"இன்னொரு தடவை மாமா," என்றான் மாப்பிள்ளை.

இன்னொரு தடவையும் அணைந்தது.

கிளட்ச்சைச் சோதிக்க இதைவிட எளிய வழி கிடையாது. பிடிப்பு தளர்ந்திருந்தால், பிரேக் போட்ட வண்டியிலும் என்ஜின் கவலையில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்; அதன் சுழற்சி சக்கரத்துக்குப் போகாமல் நடுவழியிலேயே வழுக்கிவிடும். பிடிப்பு நன்றாக இருந்தால் என்ஜினுக்குத் தப்ப வழியில்லை. மூச்சடைத்து நின்றுபோகும். ஆக, இந்தச் சோதனையில் செத்தால்தான் ஆரோக்கியம். இந்தக் கார் ஒவ்வொரு தடவையும் உடனுக்குடன் செத்தது.

"அப்ப நேத்து மலையில நான் கண்டது கனவா மாப்பிள்ளை?"

"அப்படிச் சொல்லலை மாமா."

"வண்டியில வந்த மூணு டீச்சரும் சேர்ந்து ஒரே கனவு கண்டாங்களா? ஏத்தத்துல என்ஜின் கத்துது, வண்டி நத்தை மாதிரி ஊருது. பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சே காதைக் கிழிச்சுட்டான். புது கிளட்ச் போட்டு ஒரு மாசம்கூட ஆகலை."

பட்டறை மேசையில் சாமான் துடைத்துக்கொண்டிருந்த மகளின் கை நின்றது.

புது கிளட்ச்சைப் போட்டது மாப்பிள்ளை இல்லை. அவள்தான். அது அப்பாவுக்குத் தெரியாது.

வங்கி வேலையை விட்டுவிட்டுக் கணவனின் ஷெட்டில் அவள் ஸ்பேனர் பிடித்த நாளிலிருந்து அப்பா அவளிடம் நேராகப் பேசுவதில்லை. வருவார், டீ குடிப்பார், அவள் இரண்டடி தள்ளி நின்றாலும் மாப்பிள்ளை வழியாகவே பேசுவார். 'என் வண்டியை நீங்க மட்டும்தான் தொடணும்' என்று அவர் சொன்னபோது மாப்பிள்ளை தலையாட்டினான். ஆனால் அந்த வாரம் அவனுக்குத் தோள் சுளுக்கிக்கொண்டது. கியர் பாக்ஸை இறக்கியதும் கிளட்ச் மாற்றியதும் மறுபடி ஏற்றியதும் அவள். முதல் முறையாகத் தனி ஆளாக முடித்த பெரிய வேலை. கடைசியில் அப்பா வந்து, பெடலைத் தானே அழுத்திப் பார்த்து, 'நல்லாயிருக்கு மாப்பிள்ளை' என்று பாராட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்.

அந்தச் சீட்டில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்பது அவருடைய சட்டம். ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்துவதும் அவர், வெளியே எடுப்பதும் அவர். ஒரு தடவை தூசி தட்டுவதற்காக அம்மா சீட்டை அரை அங்குலம் நகர்த்திவிட்டு, அதற்கு ஒரு வாரம் பேச்சு வாங்கினாள்.

அப்பா இறங்கிக் கதவைச் சாத்தினார்.

"சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் டீச்சருங்களைக் கூட்டிவர மலைக்குப் போகணும். மறுபடி வழியில நின்னா வேற வண்டி பார்த்துக்கறோம்னு சொல்லிட்டாங்க." சாவியைச் சட்டைப் பையில் போட்டார். "இன்னைக்கும் வழுக்கினா வண்டியை வேற ஷெட்டுக்கு எடுத்துட்டுப் போறேன் மாப்பிள்ளை. வண்டி மட்டும் இல்லை. நானும் இனிமே இந்தக் கேட்டைத் தாண்ட மாட்டேன்."

அவர் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஆபீஸ் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். ஒன்று அங்கும் ஒன்று இங்குமாகக் கிடந்தன. அவள் குனிந்து ஜோடி சேர்த்து வைத்தாள். இடது செருப்பின் நுனி மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது.

தண்ணீர்த் தொட்டியருகே மாப்பிள்ளை கை கழுவிக்கொண்டிருந்தான்.

"நான் சொல்லிடறேங்க," என்றாள்.

"என்னன்னு?"

"போட்டது நான்தான்னு."

"சொன்னா கிளட்ச் பிடிச்சுக்குமா?"

"உங்களை எதுக்குத் திட்டணும்?"

"எங்க வீட்ல நான் கடைக்குட்டி. திட்டு வாங்கறதுல எனக்கு முப்பது வருஷ சர்வீஸ். முதல்ல எங்க தப்புன்னு கண்டுபிடி. அப்புறம் யார் தப்புன்னு சொல்லிக்கலாம்."

அவள் செய்ததையெல்லாம் மனதுக்குள் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தாள். கிளட்ச் பிளேட் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. திருப்பிப் போட்டால் உட்காராது. சரியாகத்தான் போட்டாள். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முறுக்கினாள். என்ஜின் ஆயில் கசிந்து பிளேட்டில் பட்டால் வழுக்கும் என்பதற்காக ஆயில் சீலையும் புதிதாக மாற்றியிருந்தாள். இருந்தாலும் காருக்கடியில் படுத்து, கீழே இருக்கும் சின்ன ஓட்டை வழியாக வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். ஒரு சொட்டு ஆயில் இல்லை. காய்ந்து கிடந்தது. ஆனால் கருகிய வாசனை இருந்தது. அப்பா கனவு காணவில்லை.

"கியர் பாக்ஸை மறுபடி இறக்கிடலாமா?" என்றான் அவன். "இப்ப ஆரம்பிச்சாக்கூட..."

"சாயங்காலத்துக்குள்ள முடியாது. இறக்கினாலும் ஒண்ணும் இருக்காது."

"எப்படிச் சொல்றே?"

"பழைய கிளட்ச்சும் வழுக்கிச்சு, புதுசும் வழுக்குது. ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி வயித்துவலின்னா வயித்தைக் கிழிச்சுப் பார்ப்பாங்களா? ரெண்டு பேரும் என்ன சாப்பிட்டாங்கன்னு பார்ப்பாங்களா?"

மாப்பிள்ளை கை துடைப்பதை நிறுத்தினான்.

"நாம மாத்தாத ஏதோ ஒண்ணு ரெண்டு கிளட்ச்சையும் தின்னுருக்குங்க. அதுவும் சூடானாத்தான் திங்குது. இங்க ஆறிப்போய் நிக்கும்போது நல்ல பிள்ளையா இருக்கு."

"அப்ப சூடாக்கித்தான் பார்க்கணும்."

"மலைக்கு நாமளும் போறோம்," என்றாள் அவள்.

மூன்று வரிசை சீட் கொண்ட வாடகைக் கார் அது. மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்தான். அவள் நடு வரிசையில், மடியில் சாமான் பையும், காலடியில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் மரக்கட்டையுமாக ஏறிக்கொண்டாள்.

"மாப்பிள்ளை, பின்னாடி இருக்கறவங்க கதவைச் சரியா சாத்தினாங்களான்னு கேளுங்க."

"சாத்தியாச்சுன்னு சொல்லுங்க."

"சாத்தியாச்சாம் மாமா."

சமதரையில் கார் பூனைபோல ஓடியது. அப்பா ஓட்டுவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் பார்த்த டிரைவர்களிலேயே குலுங்காமல் கியர் மாற்றுபவர் அவர்தான். கிளட்ச்சை அழுத்துகிறார் என்பதே தெரியவில்லை; இடது முழங்கால் அசைந்தும் அசையாமலும் இருந்தது. அனுபவத்தின் சிக்கனம் என்று நினைத்துக்கொண்டாள்.

மலைப்பாதை ஆரம்பித்தது. முதல் வளைவு, அடுத்த வளைவு.  மூன்று பேரும் என்ஜினின் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் தாழ்ந்த கைப்பிடிச் சுவருமாக இருந்த நீண்ட ஏற்றத்தில் அது நடந்தது. என்ஜினின் குரல் மெதுவாக உயர்ந்தது. கார் உயரவில்லை.

"வருது," என்றார் அப்பா.

ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தினார். குரல் மட்டும் கூடியது. வேகமுள் இறங்கியது. கருகிய வாசனை உள்ளே வந்தது. பின்னால் சரக்கு லாரி ஒன்று நெருங்கி வந்து நீளமாக ஹாரன் அடித்தது. அப்பா ஓரம் ஒதுங்க ஸ்டியரிங்கை வளைத்தார். ஒதுங்கி நிற்கும் அளவுக்குத்தான் காரிடம் தெம்பிருந்தது. நின்ற மறுகணம் கார் ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. அதற்குள் மகள் குதித்து இறங்கிப் பின்சக்கரத்தின் கீழ் கட்டையைத் திணித்திருந்தாள்.

லாரி உறுமிக்கொண்டே கடந்து போனது.

அப்பா என்ஜினை அணைத்தார். 

"முடிஞ்சுது மாப்பிள்ளை. டீச்சருங்களுக்கு போன் பண்ணி, வேற வண்டி பார்த்துக்கச் சொல்லிடறேன்."

"ஒரு அஞ்சு நிமிஷம் பொறுக்கச் சொல்லுங்க," என்றாள் மகள். "பெடல்ல கால் வைக்க வேண்டாம்னும் சொல்லுங்க."

"மாமா, பெடல்ல..."

"எனக்குக் காது கேக்குது."

அவள் பானெட்டைத் திறந்தாள்.

இங்கே கிளட்ச் என்றால் என்ன என்று ஒரு நிமிடம் பார்த்துவிடுவது நல்லது. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு தட்டை வைத்து இறுக்கிப் பிடியுங்கள். கைகள் சுற்றினால் தட்டும் சுற்றும். அந்தக் கைகள்தான் என்ஜின் பக்கம்; தட்டு சக்கரத்தின் பக்கம். இறுக்கிப் பிடிக்கிற வேலையை ஒரு பெரிய ஸ்பிரிங் செய்கிறது. நாம் பெடலை மிதிப்பது அந்தப் பிடியைத் தளர்த்துவதற்காக. மிதி விட்டால் பிடி திரும்ப இறுக வேண்டும்.

காலிலிருந்து ஸ்பிரிங் வரை செய்தி போவது எண்ணெய் வழியாக. பெடலுக்குப் பின்னால் ஒரு கம்பி. கம்பி போய்த் தள்ளுவது மேல் சிலிண்டரின் பிஸ்டனை. பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் குழாய் வழியே போய்க் கீழ் சிலிண்டரைத் தள்ளும். அது பிடியைத் தளர்த்தும். காலை எடுத்ததும் எல்லாம் அதே வழியில் திரும்ப வேண்டும்.

கீழ் சிலிண்டரில் காற்று போக்குவதற்கென்று ஒரு சின்ன நட்டு உண்டு. அவள் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அதில் ஸ்பேனரை மாட்டினாள்.

"பெடல்ல யாரும் கால் வைக்கலையே?"

"இல்லை," என்றான் மாப்பிள்ளை.

"அப்படின்னா குழாய்ல அழுத்தம் இருக்கக் கூடாது. திறந்தா எண்ணெய் சோம்பேறித்தனமா சொட்டணும்."

அரைச் சுற்றுத் திருப்பினாள்.

எண்ணெய் சீறிக்கொண்டு பாய்ந்து துணியை நனைத்து, அவள் மணிக்கட்டில் சூடாகத் தெறித்தது. சட்டென்று நட்டை இறுக்கினாள். கணவனை நிமிர்ந்து பார்த்தாள். அவனுக்கும் புரிந்துவிட்டது.

"காலே இல்லாம யாரோ மிதிச்சுக்கிட்டு இருக்காங்க," என்றான் மெதுவாக.

"ஆமா. இப்ப அவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க."

அப்பா ஸ்டார்ட் செய்து முதல் கியரில் போட்டுக் காலை எடுத்தார். கார் கட்டையை விட்டு வெடுக்கென்று முன்னால் பாய்ந்தது. கொஞ்சம்கூட வழுக்கவில்லை. நிறுத்தினார். அவர் முகத்தில் காலையிலிருந்து காணாத வெளிச்சம்.

"சரியாயிடுச்சு மாப்பிள்ளை. கிளம்பலாம்."

"இது முதலுதவிதான். அடைபட்டிருந்த எண்ணெயைக் கொஞ்சம் வெளியே விட்டேன், அவ்வளவுதான். இன்னும் ரெண்டு வளைவு ஏறி சூடானா மறுபடி நெருக்கும்." கட்டையைத் திரும்பச் சக்கரத்துக்கடியில் வைத்துவிட்டு, அவள் டிரைவர் பக்கக் கதவருகே வந்து நின்றாள். "நான் சீட்ல உட்காரணும்."

அப்பா முன்னால் பார்த்தபடி, "மாப்பிள்ளை, அவகிட்ட சொல்லுங்க..."

"அவர் வேண்டாம்ப்பா. நான் உங்ககிட்டதான் கேக்கறேன். இறங்குங்க."

கீழே எங்கோ ஒரு பஸ் கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

"அந்த கிளட்ச்சைப் போட்டது நான்," என்றாள். "அவர் இல்லை. அவருக்கு அப்போ தோளைத் தூக்க முடியலை. அவரைத் திட்டினது எல்லாம் எனக்கு வரவேண்டியது. தப்பு என்னுதுதானான்னு நானே பார்க்கணும். இறங்குங்கப்பா."

அப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை கைப்பிடிச் சுவரைப் பார்த்தான்.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். 

அவள் உட்கார்ந்தாள். இந்தக் காரின் டிரைவர் சீட்டில் வாழ்நாளில் முதல் முறை. காலால் மிதிக்கவில்லை, குனிந்து கையால் பெடலைத் தொட்டாள். காலுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். நல்ல பெடலில், முதல் அசைவு காற்றை அழுத்துவதுபோல வெறுமையாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கம்பி பிஸ்டனைத் தொட்டு எதிர்ப்புக் காட்டும். இரும்பிலும் மரத்திலும் வேலை செய்பவர்கள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கை நூல் என்பார்கள். அந்த வெற்று அசைவு ஒரு நூல் போதும்.

இங்கே அது இல்லை. தொட்டதுமே கல்.

"ஏங்க, மேல் சிலிண்டருக்கு எண்ணெய் விடற டப்பா மூடியைத் திறந்து உள்ளே பாருங்க. நான் மெதுவா அழுத்தி விடறேன். ஏதாவது அசையுதா?"

"இல்லை. குளம் மாதிரி நிக்குது."

"சின்னதா ஊத்து மாதிரி ஒண்ணு கிளம்பணும்."

"ஒரு கொசு நீந்தின அசைவுகூட இல்லை."

மேல் சிலிண்டருக்கும் டப்பாவுக்கும் நடுவே ஊசிக்கண் அளவில் ஒரு துளை இருக்கிறது. காலை எடுத்ததும் பிஸ்டன் முழுக்கப் பின்னால் வந்தால்தான் அந்தத் துளை திறக்கும். குழாயில் எண்ணெய் சூடாகி விரியும்போது, மிகுந்ததை அந்தத் துளை வழியே டப்பாவுக்குத் திருப்பி அனுப்பிவிடும். பானையில் பொங்குகிற தண்ணீருக்கு மூடியைக் கொஞ்சம் திறந்து வைப்பதுபோல. பிஸ்டன் கடைசி இழை தூரம் திரும்பாமல் நின்றால் துளை மூடியே இருக்கும். விரிந்த எண்ணெய் போக இடமில்லாமல் கீழ் சிலிண்டரைத் தள்ளும். அது கிளட்ச்சின் பிடியைத் தளர்த்தும். யாரும் மிதிக்காமலே மிதித்த மாதிரி. வண்டி ஆறினால் எண்ணெய் சுருங்கும். கிளட்ச் நல்ல பிள்ளையாகிவிடும்.

பிஸ்டன் ஏன் திரும்பவில்லை?

அவள் செல்போன் வெளிச்சத்தைப் பெடலுக்கு மேலே அடித்தாள். கம்பி ஒரு திருகு வழியாகப் பெடலில் மாட்டியிருந்தது. திருப்பினால் கம்பி நீளும், குறையும். அது தானாகத் திரும்பாமலிருக்க ஒரு பூட்டு நட்டு. சுற்றிலும் எல்லாம் பல வருடத் தூசியில் சாம்பல் நிறமாக இருந்தது. கம்பியின் திருகு மரையில் மட்டும் ஒரு சிறு பகுதி பளபளத்தது. பூட்டு நட்டின் ஓரங்களில் பல் பல்லாகக் கடித்த தழும்பு.

பிளையரின் கடி. ஷெட்டில் யாரும் நட்டைப் பிளையரால் தொட மாட்டார்கள். இந்தக் காரின் முன்பெட்டியில், பழைய பில்களுக்கும் மூக்குக் கண்ணாடி உறைக்கும் நடுவே, ஒரே ஒரு பிளையர் எப்போதும் இருக்கும்.

"என்ன?" என்றான் மாப்பிள்ளை.

"கம்பியை யாரோ நீளமாக்கியிருக்காங்க. அதான் பிஸ்டனைத் திரும்ப விடாம முட்டிக்கிட்டு நிக்குது."

"யாரு? நான் பெடல் பக்கமே போகலை."

"நானும் போகலை," என்றாள். அதுதான் அவள் செய்த தப்பு. எந்த வண்டிக்கு கிளட்ச் மாற்றினாலும், கடைசியில் சீட்டில் உட்கார்ந்து பெடலைத் தானே அழுத்திப் பார்ப்பாள். இந்த ஒரு வண்டியில் அப்பாவின் சட்டத்துக்குப் பயந்து அதைச் செய்யவில்லை. அவரைத் தவிர வேறு யாருடைய காலும் கையும் இந்தப் பெடலைத் தொட்டதில்லை.

அப்பா கைப்பிடிச் சுவரில் கை ஊன்றிப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

அவள் பையைத் திறந்தாள். சரியான ஸ்பேனரை எடுத்து, தலைகீழாக வளைந்து, பூட்டு நட்டைத் தளர்த்தினாள். கம்பியைத் திருப்பினாள். ஒரு சுற்று. பெடலைத் தொட்டாள், கல். இன்னொரு சுற்று, கல் கொஞ்சம் பின்வாங்கியது. இன்னும் அரைச் சுற்று. இப்போது பெடல் வெறுமையாக ஒரு நூல் நகர்ந்து, பிறகு எதிர்த்தது.

"இப்ப பாருங்க."

"வந்துடுச்சு," என்றான் மாப்பிள்ளை டப்பாவுக்குள் எட்டிப் பார்த்து. "நீ விடும்போது குட்டியா ஒரு ஊத்து. அழகா இருக்கு."

"டப்பாவுல குறைஞ்சதை ஊத்துங்க."

பூட்டு நட்டை இறுக்கிவிட்டு இறங்கினாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா, ஒரு தடவை கியர் போட்டுப் பாருங்க."

அவர் வந்து உட்கார்ந்தார். ஸ்டார்ட் செய்தார். கிளட்ச்சை மிதித்து கியரைத் தள்ளினார்.

கர்ரென்று பற்கள் அரைபட்டன.

கையை எடுத்தார். மறுபடி மிதித்தார். பெடல் பாதி தூரம் போனது. பிறகு அவர் பாதம் அதன்மேல் நின்று நடுங்கியது. நெற்றியில் வியர்வை. வலது கையால் தொடையை அழுத்திப் பார்த்தார். மீதி பாதி தூரத்துக்குக் கால் போகவில்லை. கியர் மறுபடி கத்தியது.

ஒழுங்கான கிளட்ச்சை முழுக்க மிதித்தால்தான் கியர் விழும். கம்பியை நீளமாக்கினால் லேசாகத் தொட்டாலே போதும். அப்படித்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார். அசைந்தும் அசையாத முழங்கால். தரையில் இழுபட்டு நுனி மட்டும் தேய்ந்த இடது செருப்பு. அவள் எல்லாவற்றையும் காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மாப்பிள்ளை சுத்தமாக இருந்த ஸ்பேனரை எடுத்து இன்னொரு முறை துடைக்க ஆரம்பித்தான்.

அப்பா என்ஜினை அணைத்தார். சின்ன வயதில் மகள் ரேடியோ, கடிகாரம், தையல் மெஷின் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பிரித்துப் போடுவாள் என்பதற்காக அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார். அவள் வேலையை விட்ட நாளிலிருந்து அதை அவர் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை.

"கரையான்," என்றார்.

"சொல்லுங்கப்பா."

"அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

அவர் இடது முழங்காலை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"வலிக்குதா, மரத்துப் போகுதா?"

"வலிச்சாத்தான் பரவாயில்லையே."

சாமான் பைக்குள் அவள் செல்போன் அடித்தது. எடுத்தாள். திரையில் 'அம்மா' என்று இருந்தது. அப்பா அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அம்மா... மலையிலதான் இருக்கோம். வண்டிக்கு ஒண்ணும் இல்லை. அப்புறம் பேசறேன்." வைத்துவிட்டாள். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் வண்டியைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

"தள்ளி உட்காருங்கப்பா."

அவர் ஸ்டியரிங்கை விடவில்லை. "டீச்சருங்க கேட்டா என்ன சொல்றது?"

"மலை ரோட்டுல பொண்ணைப் பழக்கறேன்னு சொல்லுங்க."

ஒரு லாரி இறங்கிப் போகும் நேரம் யோசித்தார். பிறகு இறங்கி, காரின் முன்பக்கத்தைப் பிடித்தபடி சுற்றி வந்து, அடுத்த சீட்டில் ஏறினார். இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். இந்த முறை அதை மறைக்கவில்லை.

மாப்பிள்ளை கட்டையை எடுத்துக்கொண்டு நடு வரிசையில் ஏறினான். "அப்ப என் தபால்காரன் வேலை போச்சா மாமா?"

"வாயை மூடிட்டு உட்காருங்க மாப்பிள்ளை. கட்டையைக் கையிலயே வெச்சிருங்க."

"இனி கட்டை தேவைப்படாதுப்பா," என்றாள். "பிளேட் கொஞ்சம் கருகியிருக்கும். ஆயுள் குறையலாம். ஆனா பிடிக்கும்."

"பேச்செல்லாம் இருக்கட்டும். கிளட்ச் மேலேயே காலை வெச்சுக்கிட்டு ஓட்டாதே. கியர் மாத்தினதும் எடு."

"சரிப்பா."

"வளைவுல முன்னாடியே ரெண்டாவதுக்கு வந்துடு."

"சரிப்பா."

பள்ளிக்கூடத்துக்குக் கீழே இருக்கும் கடைசி ஏற்றம்தான் அந்த மலையிலேயே செங்குத்தானது. அதற்குள் வண்டி நன்றாகச் சூடாகியிருந்தது. அப்பாவின் கை கதவுப் பிடியை இறுக்கியிருந்தது. மேலே கேட்டருகே மூன்று பேர் பைகளோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவள் கிளட்ச்சைத் தரைவரை மிதித்து, இரண்டாவது கியரில் போட்டு, காலை முழுக்க எடுத்தாள். என்ஜினின் குரல் உயர்ந்தது. அதோடு சேர்ந்து காரும் உயர்ந்தது.

கம்பியை இரண்டரைச் சுற்றுக் குறைத்து, பூட்டு நட்டை இறுக்கி, பெடலுக்கு ஒரு நூல் இடைவெளி கொடுத்தாகிவிட்டது, கிளட்ச் வழுக்கவில்லை.